ஒருத்தர் பேசினா போதும்

பிப்ரவரி 9

வாயாடிக்கு,

அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். நாற்காலியில் என் மகள், உன் அம்மா. அவளை ஒட்டின நாற்காலியில் உன் அப்பா. மேசைக்குப் பின்னால் வெள்ளைக்கல் தோடு போட்ட நர்ஸ். கதவோரம் நான். என் தோளில், கழுத்து நிற்காத நீ.

நேற்று உன் நர்சிங் கல்லூரியில், கம்ப்யூட்டரில் நீ காட்டின அறையில் யார் இருந்தார்கள்? உன் அம்மா மாதிரி ஒரு பொம்மை மட்டும். பிள்ளை பெற்றவளுக்கு மனசு சரியில்லையா என்று கண்டுபிடிக்க, உன் மாணவிகள் அதனிடம் கேட்டுப் பழகுகிறார்களாம். ஒருத்தி, "சாகணும்னு தோணுதாம்மா?" என்றாள். பொம்மை உடனே, "தோணுது சிஸ்டர்" என்றது. எல்லோரும் கை தட்டினீர்கள். தலை சுற்றுகிறது என்று சொல்லி நான் எழுந்து வந்தது பொய். கோபத்தில்தான் வந்தேன்.

உன் அம்மாவிடம் யாரடி கேட்டார்கள்? நர்ஸ் கேட்டதெல்லாம் உன் அப்பா முகத்தைப் பார்த்து. அவரும், "அவளுக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், தூக்கம் கெட்ட சோர்வு" என்றார். உன் அம்மா மடியில் கிடந்த துண்டில் நூல் உருவிக்கொண்டே இருந்தாள். இவள் பிள்ளையைத் தொடவே பயப்படுகிறாள் என்று நான் சொல்ல வாயைத் திறந்தேன். "ஒருத்தர் பேசினா போதும்மா, நீங்க வெளிய இருங்க" என்றாள் நர்ஸ். தாளில் இருந்த கேள்வி எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டு அனுப்பிவிட்டாள். அந்த மாதம் முடிவதற்குள் உன் அம்மா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள்.

இத்தனையும் சொல்லித்தானே உன்னை வளர்த்தேன். உன் அப்பாவை எங்கே ஒளித்து வைத்தாய்? போனில் கேட்டால் நடுவில் புகுந்து பேசுவாய் என்றுதான் எழுதுகிறேன். முழங்காலுக்கு நீ அனுப்பின தைலம் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பாட்டி

பிப்ரவரி 20

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டேதான் படித்தேன். உட்காரப் பயமாக இருந்தது.

ஒளித்துத்தான் வைத்தேன். இந்த வேலையைத் தொடங்கியபோதே அப்பாவிடம் அனுமதி கேட்டேன். "அம்மாவைப் போட்டுக்கோ. என்னைப் போடாதேம்மா" என்றார். அதற்குமேல் மல்லுக்கட்ட மனசு வரவில்லை. பெற்றவர்களில் எனக்கு மிச்சம் இருப்பது அவர்தானே.

அந்த நர்ஸுக்கும் பெற்றவளிடமே கேட்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். இன்னொருவர் அப்படி ஆகிவிடக்கூடாது என்றுதான் இந்தப் பாடமே. கோபம் தணிந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் வாயாடி

பிப்ரவரி 27

வாயாடிக்கு,

தணியவில்லை.

கூட ஆள் இல்லாமல் எந்த வீட்டுப் பெண் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள்? உன்னிடம் படித்துவிட்டுப் போகிறவள், நாளைக்குப் பக்கத்தில் ஒரு புருஷன் உட்கார்ந்திருந்தால் அவன் முகத்தைத்தான் பார்ப்பாள். உன் அப்பா மானம் பெரிதா, வரப்போகிறவளின் உயிர் பெரிதா? அவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கிற வரைக்கும் என் வாசல்படி மிதிக்காதே. இந்தக் கடிதத்தை அவரிடமே காட்டு. காட்டாமல் விட்டால் உன் முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

பாட்டி

ஏப்ரல் 2

அன்புள்ள பாட்டிக்கு,

காட்டினேன்.  சில நாள் கழித்து அப்பா சொல்லாமல் கொள்ளாமல் கல்லூரிக்கே வந்து நின்றார். திரையில் வரும் அப்பாவுக்கு ஒரு நடிகரை வைத்துக் குரல் பதியலாம் என்றேன்.

"வேண்டாம். அன்னைக்கு நான்தானே பேசினேன். நானே பேசறேன்" என்றார்.

பேசி முடித்துவிட்டு மைக்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். "யாராவது என்னை வெளிய போகச் சொல்லியிருந்தா போயிருப்பேன்ம்மா" என்றார். 

இப்போது அவரை வெளியே அனுப்பாமல் கேட்டால் திரையில் இருக்கும் அம்மா வாய் திறக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள் பாட்டி. ஆட்டோ அனுப்புகிறேன்.

உங்கள் வாயாடி

ஏப்ரல் 12

கண்ணுக்கு,

பார்த்தேன். மாப்பிள்ளை குரலைக் கேட்டேன். அதே இழுப்பு. முதலில் வந்த பெண்கள் அவரையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொம்மை பாட்டுக்குத் துண்டில் நூல் உருவிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டரையே தட்டிவிடலாம் போல இருந்தது.

அப்புறம் அந்தக் கண்ணாடி போட்ட குண்டுப் பெண் வந்தாள். "சார், கொஞ்சம் வெளிய இருங்க. இவங்ககிட்ட தனியா பேசணும்" என்றாள். திரையில் அவர் எழுந்து போனார். பொம்மை அப்போதும் பேசவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில், "பிள்ளையத் தொட பயமா இருக்கு சிஸ்டர்" என்றது. என் மகள் அன்றைக்குத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தது அதைத்தான். அந்தக் குண்டுப் பெண்ணுக்குக் கட்டிவைக்க எனக்கு ஒரு பேரன் இல்லாமல் போய்விட்டான்.

மாப்பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல். உன் அம்மா போனதற்கு அப்புறம் இப்போதுதான் கூப்பிடுகிறேன். மறுபடி கூப்பிடுவேன் என்று இருக்க வேண்டாம்.

போகச் சொல்லியிருந்தால் போயிருப்பேன் என்றாராமே. போயிருப்பார். பயந்தாங்கொள்ளி என்று தெரிந்துதானே பெண் கொடுத்தேன். ஆனால் போகச் சொல்ல வேண்டியவள் என்னைத்தானே போகச் சொன்னாள்? அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று நீ வக்காலத்து வாங்காதே. பெற்றவள் வாயை அடைக்க மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மற்றவர்களை விட்டுவிடுகிறேன். வெள்ளைக்கல் தோடு போட்ட அந்த நர்ஸை மன்னிக்க மாட்டேன்.

பாட்டி