ருக்கு அக்கா இன்னும் முடி வளர்க்கவில்லை

என் செல்ல அம்மாவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்னை நினைக்காத நாள் இல்லை, திட்டாத நாளும் இல்லை. பெங்களூரில் குக்கர் விசிலுக்கு நடுவே நின்றுகொண்டு தினமும் உன்னோடு சண்டை போடுகிறேன். நீ உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பேனா? இதைக்கூடத் தமிழில்தான் எழுதுகிறேன். ஆந்திரப் பக்கத்து நம் ஊர் எழுத்தறிவு வகுப்பில் நீ கற்றது தெலுங்கு. தமிழ் உனக்கு வாயில் மட்டும்தான். உன்னால் படிக்க முடியாது என்ற தைரியம் எனக்கு.

ஊர்ச் செய்தி சொல்கிறேன், கேள். நீயும் உன் பெண்கள் சங்கமும் அடித்து நொறுக்கிய சாராயக் கடைக்கு எதிரிலேயே, பிச்சாட்டூர் ரோட்டில், பிராந்திக் கடை வந்துவிட்டது. ஃப்ரிட்ஜெல்லாம் வைத்திருக்கிறான். பெண் பிள்ளைகளை ஏற்றிப்போகக் கம்பெனி வண்டி வருகிறது. உன் சங்கத்துப் பொருளாளரின் பேத்தி ஷிப்டு முடிந்து எவனோ ஒருவன் பைக்கில் வந்து இறங்குகிறாள். யாரும் கத்திரிக்கோலைத் தேடவில்லை.

சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்துவிட்டது அம்மா. உள்ளே உன் படத்தை மாட்டப் போகிறார்கள். கீழே ‘ஒழுக்கத்தின் தாய்’ என்று எழுதுவார்களாம். நான் வந்து படத்தைத் திறந்துவைத்துப் பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். போனில் கேட்டதும் சிரித்துவிட்டேன். என்ன பேசுவது?

உன் பெருமையைச் சொல்ல எனக்கு வலிக்காது. நைனா குடித்தே செத்தார். நீ மூலையில் உட்காரவில்லை. பாக்கெட் சாராயம் ஏற்றிவந்த ஜீப்பை மறிக்கத் தெருப் பெண்களைத் திரட்டினாய். குடித்துவிட்டு அடித்த ஆண்களைப் புளியமரத்தில் கட்டிவைத்துப் பாதி மீசையைச் சிரைத்தீர்கள். அந்த மீசைகள் ஒரு மாதத்தில் வளர்ந்துவிட்டன.

அன்றைக்கு ஜீப்புக்கு முன்னால் முதலில் படுத்தது நீ இல்லை, பக்கத்து வீட்டு ருக்கு அக்கா. டயருக்கும் அவள் தலைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை என்று நீயே எத்தனை கூட்டத்தில் சொன்னாய்! ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரே பேச்சில்தான் முடிப்பாய். பொம்பளை ஒழுக்கமா இருந்தாத்தான் ஆம்பளையை நிக்க வெச்சுக் கேக்க முடியும் என்பாய். எல்லோரும் கை தட்டுவார்கள், நானும்தான். அடி வாங்கினவள் கேள்வி கேட்பதற்கு எதற்கு ஒழுக்கச் சான்றிதழ்? இது எனக்கு உறைக்க நாற்பது வயது ஆயிற்று.

ருக்கு அக்காவின் புருஷன் கட்டட வேலைக்கு பெங்களூர் போனவன் திரும்பவில்லை. அவள் திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரூம் கழுவப் போனாள். நான் அங்கேதான் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தேன். ஒரு நாள் காலையில் ஈரத் தலையோடு, ஒரு ஆளோடு சிரித்துக்கொண்டே அவள் லாட்ஜிலிருந்து வருவதைப் பார்த்தேன். லீவுக்கு வந்தபோது உன்னிடம் சொன்னேன். எதற்குச் சொன்னேன் தெரியுமா? என்னை நல்ல பெண் என்று நீ மெச்சிக்கொள்வாய் என்றுதான். அந்த ஆள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாராக இருந்தால்தான் என்ன?

அடுத்த ஞாயிறு அவள் ஊருக்கு வந்ததும் பள்ளிக்கூட வராந்தாவில் சங்கம் கூடியது. அன்று காலையில்தான் நீ எனக்கு எண்ணெய் தேய்த்து, இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல் போட்டிருந்தாய். அதே கையால் அவள் கொண்டையைப் பிடித்தாய். “பாப்பா, உன் தையல் கத்திரிக்கோல கொண்டா” என்றாய். ஓடிப்போய்க் கொண்டுவந்தேன்.

ருக்கு அக்கா அழவில்லை. “ஜீப்புக்கு முன்னாடி படுக்கச் சொன்னப்போ என் ஒழுக்கத்த கேட்டியாக்கா?” என்றாள். நீ வெட்டினாய்.

அதற்கப்புறம் செய்ததுதான் அம்மா அதைவிடக் கொடுமை. அந்த வாரம் சங்கத்தைப் பாராட்ட எம்.ஆர்.ஓ., அதுதான் நம் மண்டலத்துத் தாசில்தார், வருவதாக இருந்தது. தாறுமாறாக வெட்டிய தலையைப் பார்த்தால் கேட்பார்களே! மறுநாளே அவளைத் திருமலைக்கு இழுத்துப் போய் மொட்டை போட்டுவிட்டாய். நம் பக்கத்தில் மொட்டைத் தலையை யார் சந்தேகப்படுவார்கள்? திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் அவளுக்கு சீட் பிடித்துக் கொடுத்தானாம். ஏறினவர்களெல்லாம் கோவிந்தா என்று கும்பிட்டார்களாம். அதோடு விட்டாயா? வேண்டுதல் என்று சொல்லி, தெரு முழுக்க அவள் கையாலேயே லட்டு கொடுக்கவைத்தாய். வெட்டும்போது அவள் கையைப் பிடித்தவர்களெல்லாம் அந்த லட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார்கள்.

நீ நினைத்தது மூன்று மாதத்தில் முடி வளரும், எல்லாம் மறக்கும் என்று. அவள் வளர விடவில்லை. கருப்பு தலைகாட்டினாலே திருமலைக்குப் போய் மழித்துக்கொண்டு வந்தாள். லட்டோடு முதலில் நம் வாசலில்தான் நிற்பாள். நீ இரண்டு கையும் நீட்டி வாங்கித் தின்ன வேண்டும். வேண்டாம் என்றால் ஏன் என்று ஊர் கேட்குமே? ஊர் அவளுக்குக் கோவிந்தம்மா என்று பெயர் வைத்துக் கும்பிட ஆரம்பித்தது. இருபது வருஷத்துக்கு மேல் அந்த லட்டைத் தின்றாய் அம்மா. அவள் வந்துபோன நாளில் நீ ராச்சாப்பாடு தொடமாட்டாய். எனக்குத் தெரியும்.

கடைசியிலும் வந்தாள். உன் தலைமாட்டில் உட்கார்ந்து லட்டில் ஒரு துண்டைப் பிட்டு வைத்துக்கொண்டு, “ஒரே வார்த்த சொல்லுக்கா, இத எடுத்துக்கினு போயிடறேன்” என்றாள். நீ வாயைத் திறந்தாய். சொல்லப் போகிறாய் என்று நான் குனிந்தேன். லட்டுக்காகத்தான் திறந்திருக்கிறாய். மென்று விழுங்கினாய். அவ்வளவு வீம்பு உனக்கு எங்கிருந்து வந்தது?

போன வாரம் ஊருக்குப் போய் அவளைப் பார்த்தேன். விழாவில் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன், கத்திரிக்கோல் கொடுத்தது நான்தான் என்பதையும் சொல்வேன் என்றேன். கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன், முட்டாள். அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தக்கூட இல்லை.

“நீ பேசிட்டு பஸ் ஏறிடுவ பாப்பா. நான் இங்கதான கீறேன்? கும்புடற வாயெல்லாம் மறாநாளே லாட்ஜுக்காரின்னும். உன் பாரத்த என் தலையிலயா இறக்கற?”

எழுதவாவது செய்யட்டுமா என்று கேட்டேன். நம்ம ஊரில் தமிழ் யார் படிக்கிறார்கள், எழுதிக்கொள் என்றாள். ஆனாலும் இங்கே அவள் பெயர் அவளுடையது இல்லை. ஊரையும் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறேன். வேறு என்னதான் செய்யட்டும் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தாள். என் பின்னலைப் பார்த்தாள்.

“ஒரு தபா மொட்ட போட்டுக்கினு வா. எதுக்குன்னு யாருக்கும் சொல்லாத. நாலு வீட்டுக்கு லட்டு குடுத்துப் பாரு.”

பயமாக இருக்கிறது அம்மா. வாரம் தவறாமல் நீ எண்ணெய் தேய்த்து வளர்த்த முடி. உன் கை பட்டதில் என்னிடம் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை நானும் அவளும் மலைக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை உன் படத்தைத் திறப்பேன். நீ கேட்க விரும்பியதையெல்லாம் பேசுவேன், ஜீப்பை மறித்ததையும்தான். மொட்டைத் தலையோடு நின்று பேசுவேன். என்ன வேண்டுதல் என்று கேட்பவர்களுக்கு லட்டு மட்டும் கொடுப்பேன். முதல் துண்டு உன் படத்துக்கு முன்னால். இது சத்தியம். நான் இருக்கும்வரை, என் தலையில் முடி வளர வளர, உனக்கு லட்டு வரும்.

உன் ஒரே மகள்,
ஓடிப்போய்க் கத்திரிக்கோல் எடுத்துவந்த பாப்பா