சின்ன நூல், பெரிய நூல்

அன்னூர்
8.2.1993

அன்புள்ள சாமியாத்தாளுக்கு,

நானும் எருமையும் சுகம். எருமை என் கைக்குக் கறப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பாலுசாமி வந்துதான் கறக்கிறான்.

இது என் சொந்தக் கையெழுத்து. பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் அறிவொளி வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இதை எழுத மூன்று நாள் ஆனது.

வகுப்புச் சுவரில் இரண்டு வரைபடங்கள் மாட்டியிருக்கிறார்கள். சாக்கு நூலை வைத்து அளந்தேன். ஒரு படத்தில் நம் அன்னூரிலிருந்து பீளமேடு விமான நிலையம் ஒரு சாண். இன்னொன்றில் கோயமுத்தூரிலிருந்து மெட்ராஸும் ஒரு சாண்தான். இவ்வளவு பக்கத்தில் மகன் வீட்டில் இருந்துகொண்டா எட்டு மாதமாக வராமல் இருக்கிறாய்?

நஞ்சுண்டன்

மெட்ராஸ்
15.2.1993

ஏனுங்க,

நான் சொல்லச் சொல்ல நம்ம பேத்தி நித்யஸ்ரீ எழுதறா. உங்க எழுத்தைத் தடவித் தடவிப் பாத்தேனுங்க.

உங்க சாண் கணக்கைக் கேட்டு இவ உழுந்து உழுந்து சிரிக்கறா. ஒண்ணு நம்ம ஜில்லாவை மட்டும் பெருசாப் போட்ட படமாம். இன்னொண்ணுல தமிழ்நாடே இருக்குதாம். மெட்ராசுக்கு ரோட்டுல ஐநூறு கிலோமீட்டருங்க. ஆகாயத்துல நானூத்தி இருபதாம்.

பையன் ரெண்டு பேத்துக்கும் டிக்கெட் எடுத்து அனுப்புனான். ஏரோப்ளேன் ஏறற எடத்துல வந்து, "அத்தன தூரம் எவன் வருவான்"னு கத்திப்போட்டுத் திரும்பிப் போயிட்டீங்க. நான் தனியா அழுதுட்டே ஏறுனேன். நீங்க நேருல வந்து கூப்பிட்டாத்தான் நான் வருவேனுங்க.

சாமியாத்தாள்

அன்னூர்
27.2.1993

அன்புள்ள சாமியாத்தாளுக்கு,

தமிழ்நாட்டுப் படத்தில் மறுபடி அளந்தேன். இந்தக் கவரில் இரண்டு நூல் இருக்கிறது. சின்னது ஆகாய வழி, நேராகப் பிடித்தது. பெரியது சேலம், விழுப்புரம் என்று ரோட்டின் மேலேயே வளைத்து வைத்தது.

அன்றைக்கு நான் தூரத்துக்குப் பயந்து திரும்பவில்லை. அங்கே எல்லோரும் பலகையைப் படித்துப் படித்துப் போனார்கள். கவுண்டரில் இருந்தவர் என் டிக்கெட்டை என்னிடமே நீட்டி, "பேரு சரியா இருக்குதுங்களா, பாத்துச் சொல்லுங்க" என்றார். பின்னால் அத்தனை பேர் நின்றார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. உன்மேல் கத்திவிட்டேன். இதை இன்னொருவரை வைத்து எழுத முடியாமல்தான் எழுத்துப் படிக்கப் போனேன்.

நஞ்சுண்டன்

மெட்ராஸ்
6.3.1993

ஏனுங்க,

உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு முப்பத்தெட்டு வருசமா எனக்குத் தெரியாதுங்களா? காதுல ரகசியமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் உங்க கூடவே திரும்பியிருப்பேன்.

சின்ன நூல்ல நான் வந்துட்டேனுங்க. பெரிய நூலைத் திருப்பி அனுப்பியிருக்கறேன். அதுல நீங்க வாங்க.

சாமியாத்தாள்

சேலம் பஸ் ஸ்டாண்டு
14.3.1993

சாமியாத்தா,

எருமையைப் பாலுசாமியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். யாரிடமும் கேட்கவில்லை. பலகைகளை நானே படித்தேன். வழியில் அவினாசி, பெருந்துறை, பவானி எல்லாம் படித்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர், "உரக்கப் படிக்காதீங்க பெரியவரே, தூங்கோணும்" என்றார்.

பெரிய நூலில் மூன்றில் ஒரு பங்கு வந்திருக்கிறேன். பஸ் இங்கே கால் மணி நேரம் நிற்கும் என்றார்கள். அதற்குள் உனக்கு ஒரு கார்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பாதி எழுதுவதற்குள் பஸ் போய்விட்டது. கவலைப்படாதே, பை மடியில்தான் இருக்கிறது. எதிரே அடுத்த பஸ் நிற்கிறது. பலகையில் சென்னை என்று போட்டிருக்கிறது. இரண்டு தடவை படித்துவிட்டேன்.

இந்தக் கார்டுக்கு முன்னால் நான் வந்துவிடுவேன். இது வந்ததும் நித்யஸ்ரீயைக் கூப்பிடாதே. உனக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.

நஞ்சுண்டன்