ஒரே ஒரு தப்பு

குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மற்றதற்குப் போவது என் வழக்கம். இந்த முறை நான் நலம், நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கவேண்டும், அப்பா நலமா என்பதை மட்டும் நீதான் பார்த்துச் சொல்லவேண்டும். அவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். வருவதற்குள் இதை அடித்து அவருடைய கணக்கு ஒர்க்‌ஷீட்டோடு சேர்த்து அனுப்பிவிட வேண்டும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பள்ளிக்கூட வேலை பற்றி அவரே சொல்லியிருப்பார். இரண்டு மாடியாக நிற்கும் கட்டடத்தின் மேல் இன்னொரு மாடி, அத்தனையும் வகுப்பறைகள். ஸ்ட்ரோக் வந்த பிறகு அவர் கையில் எடுத்த முதல் வேலை. அவருடைய ஆபீஸ் பார்ட்னர் வீட்டுக்கே வந்து, சார் நீங்க கணக்கைப் போடுங்க, உங்க பொண்ணு ஒரு தடவை பார்த்து சரின்னு சொன்னாதான் நான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. யாரோ செய்து வைத்த ஒர்க்‌ஷீட் எனக்கெதுக்கு, தூணும் பீமும் சேர்ந்த ஃபிரேம் கணக்கை முதல் வரியிலிருந்து நானே கட்டுறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். வலது கை இன்னும் சொன்னபடி கேட்பதில்லை, அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். தூண் எங்கே, பீம் எங்கே, எந்த முனை எதோடு சேர்கிறது, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தினமும் இதே பாடம்தான். வங்கியில் வவுச்சரைத் தவிர வேறொன்றும் பார்க்காதவள் நான், இப்போது பீம் எங்கே வளையும் என்று பால்காரருக்கே வகுப்பெடுப்பேன்.

கணக்குப் போடும் அந்த சாஃப்ட்வேரில் முதல் பக்கத்தில் உயரம், அகலம் எல்லாம் சொல்லிவிட்டால் கீழே உள்ள வரிகள் தானாக எடுத்துக்கொள்கின்றன. வரியை இடம் மாற்றி வைத்தால் சிவப்பாகக் காட்டிக் கத்தும், எண்ணே தப்பென்றால் வாயைத் திறக்காது. தரைத்தளத் தூணின் உயரம் வரைபடத்தில் மூன்று புள்ளி இரண்டு மீட்டர். அவர் இரண்டு புள்ளி மூன்று என்றார். மறுபடி கேட்டதற்கு, சொல்றதை அடி, எனக்கே பரீட்சை வைக்கிறியா என்று எரிந்து விழுந்தார். அடித்தேன். கடைசியில் மேலே ஏற்றிய பாரமும் அடியில் போய்ச் சேர்கிற பாரமும் ஒன்றா என்று பார்க்கும் வரி சரி என்றே காட்டியது. அது சரின்னு வந்தா பாரம் வழியிலே தொலையலைன்னு மட்டும்தான் அர்த்தம் என்று அவரேதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தூணைக் குட்டையாக எழுதிவிட்டால் காற்றடித்தாலும் கட்டடம் அசையாது என்றுதானே சாஃப்ட்வேர் நினைத்துக்கொள்ளும்? மறுநாள் வரைபடத்தை அவர் முன்னால் விரித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்து, வேணும்னேதான் வச்சேன், நம்ம பொண்ணு கண்டுபிடிக்கிறாளான்னு பார்ப்போம், மாத்திடாதே என்றார்.

அவர் பழக்கம் உனக்குத் தெரியாததா. யாரிடம் சரிபார்க்கக் கொடுத்தாலும் ஒரு தப்பை ஒளித்து வைக்காமல் கொடுக்கமாட்டார், ஒன்றுக்கு மேலும் வைக்கமாட்டார். நீ அவரிடம் வேலை பார்த்தபோது ஒருமுறை அதைக் கவனிக்காமல் டிக் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் முகத்தில் விழிக்காமல் திரிந்தாயே. அதனால் அவர் சொன்னதை நம்பலாம், நம்பத்தான் எனக்கும் ஆசை. ஆனால் போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் பஸ் நம்பரை முன்பின்னாகப் படித்து ஊரின் மறுகோடியில் போய் இறங்கினோம். அங்கே நின்றுகொண்டு இதே சிரிப்போடு, வேணும்னேதான் ஏறினேன், காத்தாட ஒரு சுத்து வரலாம்னு என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அப்பாவுடையதுதானே என்று மேலோட்டமாகப் பார்க்காதே, வரி வரியாகப் பார். தூணைத் தவிர வேறு தப்பே இல்லையென்றால் அவர் சொன்னது உண்மை, அவருக்கே போன் பண்ணி, கண்டுபிடிச்சுட்டேன்ப்பா என்று வழக்கம்போலக் கத்து, நான் கோயிலில்லாத ஊரிலும் கும்பிடுவேன். வேறொன்று இருந்தால் அதுதான் அவர் வைத்தது. அப்படியானால் தூண் அவரை அறியாமல் விழுந்தது. அந்த மாடியில் உட்காரப்போவது குழந்தைகள், அவர் மனம் நோகுமே என்று மழுப்பிவிடாதே. ஆனால் அவரிடம் நீ சொல்லவேண்டாம், எனக்குச் சொல். தான் தொழில் கற்றுக்கொடுத்த பிள்ளை வாயால் அவர் அதைக் கேட்கக்கூடாது, நான் சொல்லிக்கொள்கிறேன், என்மேல் கோபித்துக்கொண்டால் பழகிப்போன கோபம்தானே.

வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, அனுப்பியாச்சா, இந்தத் தடவை அவ ஏமாறப்போறா, கடைசிப் பக்கத்துல வச்சிருக்கேன், அவ்வளவு தூரம் யாரும் பார்க்கமாட்டாங்க என்கிறார்.

தூணின் உயரம் முதல் பக்கத்தில் இருக்கிறது, குட்டிம்மா. எனக்கே போன் பண்ணு. பார்ட்னர் கேட்டால் இன்னும் பார்த்து முடியவில்லை என்று மட்டும் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும்.

அன்புடன்,
அம்மா