மாதிரி எடுக்காத மூன்று மாதங்கள்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்
12.05.2024

வாகீசனுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விவாகரத்து முடிந்த பிறகு, சட்டத்தரணி நடுவில் இல்லாமல் நான் உங்களுக்கு எழுதுகிற முதற் கடிதம் இது. இரண்டு வரியில்தான் முதலில் எழுதினேன். கட்டளை போல இருந்தது, அழித்துவிட்டேன்.

2012இலும் 2013இலும் நாங்கள் அளந்த வலிகாமத்தின் இருபத்துநான்கு கிணறுகளையும் போன வருடம் திரும்ப அளந்தேன். பத்து வருடத்தில் உரத்தால் கிணற்று நீரில் நைத்திரேற்று எவ்வளவு கூடியிருக்கிறது என்பதுதான் கட்டுரை. நிலத்தடி நீருக்கென்று வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று சிறப்பிதழ் போடுகிறது. ஆடி (யூலை) 31 கடைசி நாள். என் பேராசிரியர் பதவி விண்ணப்பமும் இந்தக் கட்டுரைக்காகத்தான் காத்துக் கிடக்கிறது.

பழைய அளவுகளில் பாதிக்கு மேல் உங்கள் கையால் எடுத்தவை. உங்கள் பெயர் இல்லாமல் அனுப்புவது முறையில்லை. உங்கள் சம்மதமும், இப்போது வேலை செய்கிற இடத்தின் பெயரும் வேண்டும்.

இன்னொன்று. என் ஆய்வேட்டுக்கு நீங்கள் தட்டச்சு செய்து தந்த அட்டவணை இவர்களுக்குப் போதாதாம். களத்தில் எழுதிய எண்கள் முழுவதையும் கேட்கிறார்கள். உங்கள் களக் கொப்பிகள் இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைக் கணினியில் ஏற்றப் போகிறேன்.

வரைவை இணைத்திருக்கிறேன். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். முந்தியும் நீங்கள் தயங்கினதில்லை.

உதயகலா


பேர்கன், நோர்வே
19.05.2024

அன்புள்ள கலாவுக்கு,

உம்முடைய பெயரைக் கண்டதும் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்றுதான் திறந்தேன். கட்டுரை என்றதும் மூச்சு வந்தது. உம்முடைய அம்மா சாவகச்சேரியில்தானே இருக்கிறா? முழங்கால் வருத்தம் எப்படி? உம்முடைய தம்பி ஜெயரூபன் இன்னமும் என்னோடு கோபமா?

நான் இங்கே நகரசபையின் குடிநீர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. காலையில் தண்ணீர்ப் போத்தல்கள் வரும், அளப்பேன், எழுதுவேன், வீட்டுக்கு வருவேன்.

வரைவை இரண்டு தரம் வாசித்தேன். நன்றாக இருக்கிறது. தலைப்பு நீளம். மூன்றாவது வரைபடத்தில் மழைவீழ்ச்சியையும் நைத்திரேற்றையும் ஒரே நிறத்தில் போட்டிருக்கிறீர். முடிவுரையில் 'ஐயமின்றி' என்ற சொல்லை எடுத்துவிடும்.

என் பெயர் வேண்டாம், கலா. நன்றி சொல்லும் இடத்தில் வேண்டுமானால் ஒரு வரி போடும். பழைய எண்களையும் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அந்த நேரம் எங்களிடம் இருந்தது மலிவான கருவி. புது அளவுகளே ஒரு கட்டுரைக்குத் தாராளம். கொப்பியை ஏற்றுகிற வேலையும் மிச்சம்.

அன்புடன்,
வாகீசன்


திருநெல்வேலி,
02.06.2024

வாகீசன்,

பழைய எண்கள் இல்லாவிட்டால் பத்து வருட ஒப்பீடு ஏது? இது உங்களுக்குத் தெரியாததா என்று யோசித்துக்கொண்டுதான் கொப்பியைத் திறந்தேன். காரணம் இப்போது தெரிகிறது.

தை மாதம் வரைக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் அழித்தல் இருக்கிறது, தண்ணீர் பட்டு மை ஊறியிருக்கிறது, ஓரத்தில் 'கயிறு அறுந்தது', 'நாய் விடவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். 2013 மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் சுத்தம். ஒரே பேனை. ஒரு வெட்டுக்கூட இல்லை. இருபத்துநான்கு கிணற்றிலும் தை மாத எண்ணோடு கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ எழுதினது போல இருக்கிறது. வைகாசியில் இருந்து திரும்பவும் அழித்தல்.

என் கண்ணில்தான் பிழையோ என்று நினைத்து உரும்பிராய்க்குப் போனேன். பதினோராம் கிணறு தில்லைநாதன் அண்ணையின் தோட்டக் கிணறு, நினைவிருக்கும். அவரின் மனைவி குணலட்சுமி அக்காவிடம் பங்குனி மாத எண்ணைக் காட்டினேன்.

"உதிலை பிழை கிடக்குது பிள்ளை," என்றா. "அந்த வருசம் மாசி தொடங்கிச் சித்திரை முடியுமட்டும் எங்கடை கிணத்திலை தண்ணியே இல்லை. இறைச்சுப் போட்டுக் கல்லுடைச்சு ஆழமாக்கினது. தம்பி அந்த மூண்டு மாசமும் வரேல்லை. உங்கடை பிள்ளை தவறினது கேள்விப்பட்டனாங்கள். பாவம், எப்பிடி வருவார் எண்டு நாங்களும் கேக்கேல்லை."

வண்டியில் வந்து ஏறிய பிறகு அந்த மூன்று மாதத்தையும் கொப்பியில் திரும்பப் புரட்டிப் பார்த்தேன்.

2015இல் நான் வீட்டைவிட்டு வரும்போது ஒரு வசனம்தான் சொன்னேன். 'பிள்ளை செத்த கிழமையும் கிணறு அளக்கப் போன மனிசனோடை என்னாலை இருக்கேலாது' என்றேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். மறுக்கவில்லை.

கிணற்றுக்குப் போகவில்லை என்றால் எங்கே போனீர்கள்?

உதயகலா


பேர்கன்
05.06.2024

கலா,

ஓம். அந்த எழுபத்திரண்டு எண்களும் பொய்.

உம்மை ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்த அன்று பின்னேரம் போத்தல் பெட்டியை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு 'கிணத்தடிக்குப் போட்டு வாறன்' என்று சொன்னேன். போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஒரு சைக்கிள் திருத்துகிற கடை இருந்தது. அதன் முன்னாலிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை உயிரோடு இருந்த இரண்டு நாளும் அங்கேதான் இருந்தேன். கடைக்காரர் தேத்தண்ணி வாங்கித் தந்தார், ஒன்றும் கேட்கவில்லை. நீர் அம்மா வீட்டுக்குப் போன பிறகு சாவகச்சேரிச் சந்தையடி மட்டும் வந்து எத்தனையோ நாள் திரும்பிப் போயிருக்கிறேன்.

ஏன் என்று கேட்பீர். எங்கள் வீட்டுக் கிணறு ஒன்பதாம் இலக்கம். மார்கழியில் நைத்திரேற்று 41 இருந்தது, தையில் 68. குடிக்கிற தண்ணீருக்கு எல்லை ஐம்பது. நீர் அப்போது படுக்கையில் இருந்தீர். எழும்பக் கூடாது, யோசிக்கக் கூடாது என்று டொக்ரர் சொல்லியிருந்தார். திரும்ப ஒருக்கா அளந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று ஒத்திவைத்தேன். நீர் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தீர். பத்தொன்பது நாள்.

அதற்குப் பிறகு எந்தக் கிணற்றுக்குள்ளும் என்னால் போத்தலை இறக்க முடியவில்லை. உம்முடைய முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. நீர் கேட்கும்போது காட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்று எண்களை எழுதினேன். பிறகு அதையே உம்முடைய ஆய்வேட்டுக்கும் தந்தேன். அதுதான் நான் செய்ததில் மோசமானது.

நீர் சொன்ன அந்த வசனத்தை நான் மறுத்திருந்தால் மிச்சத்தையும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

வாகீசன்


திருநெல்வேலி,
23.06.2024

வாகீசன்,

பதினெட்டு நாளாகக் கிணறு கிணறாகப் போய்வந்தேன்.

நீங்கள் வாசலில் இருந்தீர்கள் என்று அறிந்தால் எனக்கு மனம் இளகும் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். இல்லை, கோபம்தான் வந்தது. நான் வாட்டுக் கதவைப் பார்த்தபடி கிடந்தேன். ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் தலையைத் திருப்பினேன். நீங்கள் தூரத்தில் கிணற்றடியில் நிற்கிறீர்கள் என்று நினைத்தபோது வெறுக்கவாவது முடிந்தது. றோட்டுக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தீர்கள் என்பதை நான் என்ன செய்வது?

68ஐப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் அட்டவணையில் அதை நான் 2014இலேயே பார்த்தேன். நானும் உங்களைக் கேட்கவில்லை. நச்சுக்கொடி நேரத்துக்கு முந்திக் கழன்றதுதான் காரணம் என்று டொக்ரர் சொன்னவர். தண்ணீரால்தான் அது நடந்தது என்று சொல்ல உங்களிடமும் ஆதாரம் இல்லை, என்னிடமும் இல்லை. பத்தொன்பது நாள் எனக்குச் சொல்லாமல் இருந்தது பிழை. அந்தப் பிழை உங்களுடையதுதான். ஆனால் பிள்ளையைக் கொன்றவர் நீங்கள் இல்லை. இதை நான் ஆறுதலுக்காக எழுதவில்லை.

எங்கள் பழைய வீட்டில் இப்போது தர்சினி என்று ஒரு பிள்ளை வாடகைக்கு இருக்கிறா. போன கார்த்திகையில் அளந்தபோது 71. அவவுக்கு அப்போது வயிற்றில் நாலு மாதம். எண் வந்த அன்றைக்கே போய்க் கதவைத் தட்டிச் சொன்னேன். பயந்துதான் போனா. ஆனால் மறுநாளே குடிக்கிற தண்ணீரை மாற்றிவிட்டா.

இனி வேலை. துறைத் தலைவரிடம் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆய்வேட்டுக்குத் திருத்தம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பங்குனியில்தான் நைத்திரேற்று உச்சம் என்று அதில் எழுதியிருந்தேன். அது போய்விட்டது. விசாரணை முடியாமல் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க முடியாது. இந்த வருடம் இல்லை. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

கட்டுரை மட்டும் போகும். அந்த மூன்று மாதத்தையும் எடுத்துவிட்டேன். மிச்சப் பதினைந்து மாதமும் உண்மை, ஒவ்வொரு கிணற்றுக்காரரிடமும் போய்க் கேட்டுச் சரிபார்த்தேன். மாதிரி ஏன் எடுக்கவில்லை என்று ஒரு காரணம் எழுத வேண்டும். என்ன எழுதுவது?

உதயகலா


பேர்கன்
30.06.2024

அன்புள்ள கலாவுக்கு,

பல்கலைக்கழகத்துக்கு நானே எழுதி அனுப்பிவிட்டேன். பிரதி இணைப்பில் இருக்கிறது. எண்களைப் புனைந்தது நான், உமக்கு அது தெரியாது என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். இங்கே என் மேலாளருக்கும் சொன்னேன். பொய் எழுதினவன் என்று தெரிந்த பிறகும் என்னை ஆய்வுகூடத்தில் வைத்திருப்பதா என்று யோசிக்க ஒரு கிழமை கேட்டிருக்கிறா. கேட்கட்டும்.

பத்து வருடம் உம்மைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்தக் கொப்பியும் சேர்ந்துதான் நினைவுக்கு வரும். உமக்கு வந்த நட்டம் என்னால்தான்.

என் பெயரை எடுத்துவிடும். காரணத்துக்கு 'தவிர்க்க முடியாத சூழ்நிலை' என்று போடும். எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள்.

வாகீசன்


திருநெல்வேலி,
28.07.2024

வாகீசனுக்கு,

இன்றைக்குக் காலமை கட்டுரையை அனுப்பினேன். மூன்று நாள் மிச்சம் வைத்து நான் ஒரு வேலையை முடித்தது இதுதான் முதல் தடவை. தலைப்பைச் சுருக்கினேன், 'ஐயமின்றி'யையும் எடுத்தேன். வரைபடத்தில் மழைக்கு நீலம்.

உங்கள் பெயரை எடுக்கவில்லை. பதினைந்து மாதம் வெயிலிலும் மழையிலும் போத்தல் இறக்கினது நீங்கள். செய்த வேலைக்குப் பெயர், செய்யாததுக்கு விளக்கம், இரண்டும் கட்டுரையில் இருக்கின்றன. புனைந்த எண்கள் முந்திய ஆய்வேட்டில் வந்ததையும், அது திருத்தப்படுவதையும் இதழ் ஆசிரியருக்குத் தனிக் கடிதத்தில் தெரிவித்திருக்கிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

முறையியல் பகுதியில் இப்படி எழுதியிருக்கிறேன்: '2013 மாசி முதல் சித்திரை வரை மாதிரிகள் எடுக்கப்படவில்லை. அக்காலத்தில் கட்டுரையாளர்களின் குழந்தை இறந்தது.'

'தவிர்க்க முடியாத சூழ்நிலை' என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. பதினொரு வருடத்தில் அவள் பிறந்தாள், இறந்தாள் என்பதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இடத்திலும் சொன்னதில்லை. பிறப்புப் பதிவுக்குக்கூட ஜெயரூபன்தான் போனவன்.

இணை ஆசிரியர் சம்மதம் கேட்டு உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அந்த வசனத்தை வாசித்துவிட்டு, மனம் இருந்தால் சம்மதியுங்கள். இதை நான் திரும்பி வாருங்கள் என்று சொல்வதற்காக எழுதவில்லை. அதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

கலா


பேர்கன்
29.07.2024

அன்புள்ள கலா,

வாசித்தேன். சம்மதம் கொடுத்துவிட்டேன். வேலையில் என்னை வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு என் எண்களை இன்னொருவர் சரிபார்ப்பார். நியாயம்தான்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாது. அடக்கம் செய்ய ஜெயரூபன் அவளைக் கொண்டுவந்து என் கையில் தந்தபோது வெள்ளைத் துணியால் சுற்றியிருந்தது. நான் துணியை விலக்கவில்லை. அப்படியே குனிந்து குழிக்குள் வைத்துவிட்டேன்.

அவள் எப்படி இருந்தாள், கலா?

வாகீசன்


திருநெல்வேலி,
17.08.2024

அன்புள்ள வாகீசனுக்கு,

எழுத நாள் எடுத்துவிட்டது.

தலை நிறைய மயிர். பின்பக்கம் சுருண்டு கழுத்தில் ஒட்டியிருந்தது. நிறம் உங்கள் நிறம்தான், என்னைவிடக் கறுப்பு. இடது காது மடல் உள்ளுக்கு மடிந்திருந்தது, கொஞ்ச நாளில் நிமிர்ந்துவிடும் என்று தாதி சொன்னா. நெற்றியைச் சுருக்கிக்கொண்டேதான் இருந்தாள், ஏதோ கணக்குச் சரிவராதது போல.

இரண்டாம் நாள் பின்னேரம் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுபோனார்கள். கண்ணாடிப் பெட்டியின் ஓட்டைக்குள்ளால் கையை விட்டேன். என் விரலை அவள் பிடிக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் பிடிக்கும் என்பார்கள், அவள் பிடிக்கவில்லை. ஆனால் கண்ணைத் திறந்தாள். ஒரு கண்ணை மட்டும். வலது கண். திறந்து, நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டாள்.

இதை நான் இதுவரை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. கேட்டவர்களும் இல்லை.

கலா