கடிகாரம் பெண்கள் பக்கம்

இன்று காலை அலமாரியைத் துடைத்துவிட்டு உங்கள் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். கை தானாக இடப்பக்கம்தான் போனது. அது பெண்கள் பக்கம். நீங்கள் போன பிறகும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

யுத்த காலத்தில் ஒரு வார லீவில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தீர்கள். பட்டாள ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை. திரும்பிப் போனதும் பட்டாள டாக்டர் ஒருவரிடம் அரபியில் வாய்மொழிப் பரீட்சை இருந்தது. தேறினால் ஈராக்கில் பஸ்ரா ஆஸ்பத்திரி, தவறினால் பர்மா எல்லை. பர்மாவுக்குப் போன என் அண்ணனிடமிருந்து தகவலே நின்றுபோயிருந்த நேரம் அது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்களோ 'இது', 'அது' என்பதிலேயே திணறினீர்கள். பக்கத்தில் இருக்கும் ஆண் பொருளுக்கு ஹாதா, பெண் பொருளுக்கு ஹாதிஹி. தள்ளி இருந்தால் தாலிக, தில்க. உயிரில்லாத சாமானில் ஆண் எது, பெண் எது என்று நாம் எங்கே கண்டோம்? உங்கள் பாடப் புத்தகத்தின்படி மருந்து ஆணாம், மருந்துப் புட்டி பெண்ணாம். கடிகாரமும் பெண்தான்; அதைக் காட்டினால் ஒவ்வொரு தடவையும் ஹாதா என்பீர்கள். எனக்குப் பயத்தில் கோபம்தான் வந்தது.

ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள், நடுவில் பாதை. வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்து, நடுவே வழி விட்டு, சாமான்களை ஆலயத்தில் போலவே உட்கார வைத்தேன். புத்தகமும் மருந்தும் உங்கள் பக்கம். புட்டி, ஊசி, கடிகாரம் என் பக்கம்.

அத்தை வந்து பார்த்தார்கள். "ஏட்டி, மருந்த ஒரு பக்கம், புட்டிய ஒரு பக்கமா வச்சிருக்க? ரெண்டு பேருக்கும் கிறுக்கா?"

அவர்கள் அடுப்படிக்குப் போனதும் என் கையைப் பிடித்தீர்கள். "கையும் பொம்பளதான்ட்டி. ஹாதிஹி."

"அத அந்த டாக்டர்ட்ட சொல்லித் தேறுங்க மொதல்ல," என்றேன். சிரிக்க முடியவில்லை.

ராஜபாளையத்தில் என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு அங்கேயே ரயில் ஏறினீர்கள். பிளாட்பாரத்தில் தூரத்து மலையைக் காட்டிக் கேட்டேன். தில்க என்றீர்கள்.

"மல ஒங்க பக்கம்லா. தாலிக."

வண்டி நகர்ந்தபோதும் உதட்டை அசைத்துக்கொண்டே போனீர்கள். அதன்பிறகு தபால்காரர் தெருமுனையில் தெரிந்தாலே வாசலுக்கு ஓடுவேன். 'தேறிவிட்டேன்' என்று கார்டு வந்த அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

யுத்தம் முடிந்து வந்து சொன்னீர்கள்: "டாக்டர் கடியாரத்தத்தான் தூக்கிக் காட்டுனாரு. கண்ண மூடுனேன். நம்ம கோயில்ல ஒம் பக்கத்துல அது உக்காந்திருந்துச்சு."

அதே ஆலயத்தில் உங்களை நடுப்பாதையில் கிடத்தினார்கள். கல்யாணத்தன்று தவிர நாம் அங்கே அருகருகே இருந்ததில்லை. பெட்டியை மூடுமுன் உங்கள் கையைப் பிடித்து, எனக்கு மட்டும் கேட்கும்படி ஹாதிஹி என்றேன். ஜெபம் என்று போதகர் நினைத்திருப்பார்.

இப்போது அந்தக் கை கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. தில்க என்றுதான் சொல்ல வேண்டும், தெரியும். நாக்கில் இன்னும் ஹாதிஹிதான் வருகிறது. உங்களை எத்தனையோ தடவை திருத்தினேன். இந்த ஒரு தப்பை நான் திருத்திக்கொள்ளப் போவதில்லை.