புதுப் பாடியில் உட்கார்ந்த பழைய லென்ஸ்

2006 ஆவணி, செவ்வாய் இரவு.

தேனிக்குப் போய் டிஜிட்டல் கேமரா வாங்கியாகிவிட்டது. இனி கம்பம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் யாரும் என்னை 'பிலிம்காரர்' என்று ஒதுக்க முடியாது. பஸ்ஸில் நானும் மனைவியும் பழனிசெட்டிபட்டி வரை நின்றுகொண்டே போனோம். அது கிடக்கட்டும்.

கடைக்காரர் என் பழைய கேமராவை லென்ஸோடு சேர்த்து எக்ஸ்சேஞ்சுக்குக் கேட்டார். "புதுக் கேமரா பாடிக்குப் பழைய லென்சு சேராதுண்ணே. புதுசு எடுத்துக்கங்க."

பதினைந்து வருடமாக மணப்பெண்களின் முகத்தை எடுத்துக்கொடுத்த லென்ஸ் அது. கொடுக்க மனசு வரவில்லை. ஒரே கம்பெனிதானே என்று புதுப் பாடியில் வைத்துத் திருகினேன். 'டக்'கென்று உட்கார்ந்தது. ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும். அது எனக்குப் பழக்கம்தான்.

அவர் சிரித்துவிட்டார். "கம்பெனிக்காரன் பாடியில விட்ட லாபத்தை லென்சுலதாண்ணே பிடிப்பான். நான் பழசை வாங்கி வித்துத்தான் பொழைக்கிறேன். இதை எனக்கே குடுங்க, வாங்க ஆளு ரெடியா இருக்கு."

டார்ச் அடித்து லென்ஸுக்குள் பார்த்தவர் அசந்துபோனார். "இந்தச் சாரலுக்கு எல்லார் லென்சுலயும் பூஞ்சை. இது மட்டும் எப்படிண்ணே?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "பெட்டிக்குள்ள பல்பு போட்டு ராவும் பகலும் காயவைப்பாக, தம்பி. பெத்த பிள்ளையைக்கூட அம்புட்டுப் பாத்ததில்ல. அதைப் போயி விப்பாகளா?"

லென்ஸை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டாள். பாடியை மட்டும் வாங்கினோம். நினைக்க நினைக்கப் பெருமையாக இருக்கிறது. அந்த பல்புக்காக, கரண்ட் பில் வரும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறவள் அவள்தான்.