தட்டில் மிச்சம் வைத்த இரண்டு வாய்

மார்ச் 4, செவ்வாய்

இடது மணிக்கட்டின் மாவுக்கட்டை இன்று பிரித்தார்கள். உள்ளே இருந்த கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடையதோ போல இருந்தது. குளியலறையில் ஒரு வழுக்கல், ஆறு வாரச் சிறை.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கொஞ்சம் தேஞ்சிருக்கும்மா. வயசுக்கு இது சகஜம்தான். மருந்து மாத்திரைக்கு முன்னாடி சாப்பாட்டைச் சரி பண்ணுவோம்" என்று மாடியில் இருக்கும் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். எழுபத்து மூன்று வயதில் எனக்குச் சாப்பிடக் கற்றுத்தர ஒருத்தி!

கூட வந்தது குருவி. என் ஒரே மகள். நாற்பத்தேழு வயதாகியும் எனக்குக் குருவிதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஆலோசகருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல பருமன். இவளா எனக்குச் சொல்வது என்று நினைத்தேன். அந்த நினைப்பை என் முகத்தில் படித்துவிட்டுக் குருவி முழங்கையால் இடித்தாள்.

"உங்களைத் திட்டறதுக்கு நான் இங்க உட்காரலைம்மா. எதையும் நிறுத்தச் சொல்லவும் போறதில்லை. இப்ப சாப்பிடறதோட இன்னும் கொஞ்சம் சேர்ப்போம், அவ்வளவுதான்" என்றாள். முட்டை, பால், தயிர், பருப்பு, கீரை, எள், முள்ளோடு மெல்லக்கூடிய சின்ன மீன் என்று ஒரு அச்சிட்ட தாள் தந்தாள். அதில் நான்கு எழுத்துப்பிழைகள். முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவள் கை சும்மா இருக்குமா? அங்கேயே சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுத்தேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அடுத்த தடவை மாத்தி அடிச்சுடறேன், டீச்சர்."

"நான் டீச்சர் இல்லை."

"அம்மா வேலையிலதான் டீச்சர் இல்லை" என்றாள் குருவி.

ஒரு நோட்டும் கொடுத்திருக்கிறாள். தினமும் என்ன சாப்பிட்டேன், எங்கே, யாரோடு என்று மூன்று கட்டங்களில் எழுத வேண்டுமாம்.

மார்ச் 7, வெள்ளி

நோட்டில்: காலை இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால். மேசையில்.

உண்மையில்: முந்தாநாள் ரொட்டி ஒன்று, தேநீரில் நனைத்து, அடுப்படியில் நின்றுகொண்டு.

நானா பொய் எழுதுகிறேன்? எழுத்துப்பிழை இல்லாத பொய்.

மார்ச் 11, செவ்வாய்

அகப்பட்டுவிட்டேன்.

"ஏழு நாளும் ஒரே மாதிரி இருக்கேம்மா. ஒரே பேனா, ஒரே மூச்சுல எழுதின மாதிரி" என்றாள் ஆலோசகர். குற்றம் சாட்டும் குரலில்லை. நோட்டை மெதுவாக மூடிவிட்டு, "சார் போனதுக்கு அப்புறம் நீங்க உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாள்.

அவர் போய் மூன்று வருடம். வந்தவர்கள் எல்லோரும் எப்படிப் போனார் என்றுதான் கேட்டார்கள். நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்று கேட்ட முதல் ஆள் இவள். சுவரில் தொங்கிய காய்கறிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்காய் கலங்கித் தெரிந்தது.

உண்மையைச் சொன்னேன்.

"தனக்குன்னு மட்டும் அடுப்புப் பத்த வைக்க யாருக்கும் மனசு வராதும்மா. ஆனா பொண்ணு அதே வீட்டுலதானே இருக்காங்க? ரெண்டு பேரும் ஒண்ணா உட்காரலாமே?"

குருவி கைப்பையின் பட்டையைச் சரிசெய்தாள். "கடை நேரம் ஒத்துவராது மேடம்."

கடையை ஏழு மணிக்குச் சாத்திவிடுவார்கள்.

மார்ச் 12, புதன்

குருவி எப்போதும் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். கதவு சாத்தியிருக்கும். இதை நான் ஏன் இதுவரை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை?

அவள் தட்டில் எப்போதும் இரண்டு வாய் மிச்சம் இருக்கும். அது நான் வைத்த சட்டம். நான் படித்தபோது கன்னியர் மட விடுதியில் மதர் எனக்கு வைத்தது. பசி முழுக்க அடங்குமுன் எழுந்துவிட வேண்டும், தட்டில் இரண்டு வாய் மிச்சம் வைக்க வேண்டும், வழித்துச் சாப்பிடுவது பண்பில்லை. இருநூறு பெண்கள் அப்படி மிச்சம் வைத்துவிட்டு எழுந்தோம். நான் அதைப் பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "என் பெண் குருவி மாதிரி கொத்துவாள்" என்று உறவில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். பெயர் வந்தது அப்படித்தான்.

மார்ச் 24, திங்கள்

கடையிலிருந்து போன். கண்ணாடி வில்லைகள் வந்த பெட்டியைத் தூக்கியபோது குருவியின் முதுகில் 'டக்' என்றதாம். நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

பெட்டி அப்படி ஒன்றும் கனமில்லையாம். ஒரு பூனையின் எடை.

மார்ச் 27, வியாழன்

முதுகெலும்பில் ஒன்று நசுங்கிவிட்டது. எலும்பின் அடர்த்தி பார்த்தார்கள்.

அதே எலும்பு டாக்டர். என் அறிக்கையையும் அவள் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "உங்களோடதைவிட உங்க பொண்ணோடது மோசமா இருக்கும்மா" என்றார்.

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துத் திரும்பச் சொன்னார். சரியாகத்தான் கேட்டது.

ஏப்ரல் 2, புதன்

ஏன் இப்படி என்று தேடுகிறார்கள். தைராய்டு இல்லை. சிறுநீரகம் சரி. இன்று டாக்டரும் ஆலோசகரும் சேர்ந்து வந்தார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"சின்ன வயசுல சாப்பாடு எப்படி? வயசுக்கு வந்த பிறகு மாதாமாதம் ஒழுங்கா வந்துதா? நடுவுல மாசக்கணக்கா நின்னுபோச்சா?"

குருவி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"ஞாபகம் இல்ல டாக்டர்" என்றாள்.

"அம்மா, உங்களுக்கு?"

நான் ஆரஞ்சில் வெள்ளை நார் ஒன்றுகூட இல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தேன். "எல்லாம் ஒழுங்காத்தான் இருந்தது" என்றேன்.

காரணம் தெரியவில்லை என்றால் இன்னும் உள்ளே தேட வேண்டுமாம். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்ப்பார்களாம்.

ஏப்ரல் 3, வியாழன்

எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

என் அலமாரிக் கதவின் உட்புறம். துவைத்து வரிசையாகத் தொங்கவிட்ட புடவைகள் மறைக்கும் இடம். பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளை எடைக்கருவியில் ஏற்றி, பென்சிலால் எழுதி வைத்தது. தேதி, எடை. என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்திருக்கிறது! ஏறினால் ஒரு சின்னக் கோடு. கோடு விழுந்த வாரம் இரவுச் சாப்பாடு பாதி.

பதினாறு வயதில் வரிசை இறங்குகிறது. இறங்கிக்கொண்டே போகிறது. அந்த வருடம்தான் மாதவிலக்கு நின்றது. இருபத்தோரு மாதம். துணி காயப்போடும் கொடியில் அந்தத் துணிகள் இல்லாததைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "பரீட்சை நேரம், தொல்லை விட்டது" என்று அவளிடமே சொன்னேன். டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. மற்றவர்கள் வீட்டுப் பெண்கள் ஊதிப்போய்த் திரிந்தபோது என் பெண் பூங்கொடி மாதிரி இருக்கிறாள் என்ற கர்வம்.

ஊசி குத்தப்போவது அவள் எலும்பில். காரணம் இருப்பது என் அலமாரியில்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கதவில் இருந்ததை எல்லாம் ஒரு தாளில் பிரதி எடுத்துக்கொண்டு ஆலோசகரிடம் போனேன். டாக்டரிடம் போகத் தைரியம் இல்லை.

அவள் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். விரல் பதினாறாம் வயதில் நின்றது.

"அந்த வயசுலதான்மா பொண்ணுங்க எலும்பு கெட்டிப்படும். அப்ப வயிறு காஞ்சா, மாதவிலக்கு நிக்கும். அது நின்னா எலும்புக்குக் கிடைக்க வேண்டியதும் கிடைக்காது."

"இப்ப சாப்பிட்டா திரும்ப வருமா?"

"முழுசா வராது. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். மருந்தும் வேணும், சாப்பாடும் வேணும், நடையும் வெயிலும் வேணும். இருக்கறதைக் கெட்டியாப் பிடிச்சுக்கலாம். இன்னொண்ணு உடையாமப் பார்த்துக்கலாம்."

"நான் தெரியாமச் செஞ்சேன்" என்றேன். சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று தெரிந்தது. கொடியைப் பார்த்தவள் நான்.

அவள் என்னைத் தேற்றவில்லை. தண்ணீர் கொடுத்தாள். "இதைக் கொண்டுவந்தீங்களே, இனி டாக்டர் தேவையில்லாம எங்கேயும் தேட மாட்டார். அது போதும் இன்னைக்கு" என்றாள். பிறகு, "காலைல சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

சாப்பிடவில்லை. தன் டப்பாவைத் திறந்து ஒரு அவித்த முட்டையைத் தந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்து தின்றேன்.

ஏப்ரல் 9, புதன்

குருவிக்குத் தெரிந்துவிட்டது. ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொன்ன கையோடு ஏன் என்றும் சொல்லியிருக்கிறார்.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனா? மடச்சி.

"யாரைக் கேட்டு சொன்ன? அது என்னோடது. முப்பது வருஷம் யார்கிட்டயும் நான் உன்னைக் காட்டிக்கொடுக்கலம்மா. நேத்து வரைக்கும் கொடுக்கல. நீ பாட்டுக்கு ஒரு தாளைத் தூக்கிட்டுப் போய்..."

"ஊசி குத்துவாங்களேன்னுதான்—"

"அந்த ரெண்டு வாய். அதை நீ குப்பையில தட்டறதைப் பார்த்துக்கிட்டே நிப்பேன். பசியோட. தினமும்."

கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன்.

"அப்பா பள்ளிக்கூட வாசல்ல வாழைப்பழம் கொண்டாந்து தருவார். ரெண்டு பேரும் மதில் பக்கம் நின்னு தின்னுட்டு, தோலை அங்கேயே போட்டுட்டு வருவோம். உனக்குத் தெரியக் கூடாதுன்னு அப்பா என் வாயைத் துடைச்சுவிடுவார்."

இது எனக்குத் தெரியாது. நாற்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தினேன். என் வீட்டில் இரண்டு பேர் எனக்குப் பயந்து ஒளிந்து தின்றிருக்கிறார்கள். அவர் சாகும்வரை சொல்லவில்லையே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் நான் என்ன செய்திருப்பேன்—

எனக்குத் தெரியும் என்ன செய்திருப்பேன் என்று.

வரும்போது, "போயிட்டு வரேன் குருவி" என்றேன்.

"இனிமே அப்படிக் கூப்பிடாத."

ஏப்ரல் 21, திங்கள்

டிஸ்சார்ஜ். கடையில் கண்ணாடி தேய்க்கும் தோழியின் வீட்டுக்குப் போகிறாளாம். "கொஞ்ச நாள்" என்றாள். பெட்டியை நான்தான் அடுக்கினேன். மடிப்புக் கலையாமல் அடுக்கினேன். அதுதானே எனக்குத் தெரியும்.

முதுகுப் பட்டையோடு ஆட்டோவில் ஏறினாள். தோழி அவளுக்குக் கை கொடுத்தாள். நான் பெட்டிக்குக் கை கொடுத்தேன்.

மே 3, சனி

எடைக்கருவியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டேன். அவன் அதைத் தராசில் வைத்து எடை பார்த்துக்கொண்டு போனான்.

மே 13, செவ்வாய்

ஆலோசகரிடம் புது அச்சில் தாள். நான்கு பிழைகளும் திருத்தப்பட்டிருந்தன. ஐந்தாவதாக ஒன்று இருந்தது. சொல்லவில்லை.

என் நோட்டில் இப்போது உண்மை. முட்டை ஒன்று, சோறும் பருப்பும் கீரையும், மாலையில் எள்ளுருண்டை. மேசையில். 'யாரோடு' என்ற கட்டம் மட்டும் காலி. அதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

"அவ ஒரு நாள் வீட்டுக்கு வந்தா நான் என்ன பண்ணட்டும்?" என்று நான்தான் கேட்டேன்.

"சமைச்சு வைங்க. தட்டைப் பார்க்காதீங்க. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோன்னு சொல்லாதீங்க. நல்லாச் சாப்பிட்டேன்னு பாராட்டவும் வேணாம்."

"பாராட்டக்கூடவா கூடாது?"

"அதுவும் எடை பார்க்கறதுதான்மா."

ஜூன் 15, ஞாயிறு

வந்தாள். வாசலோடு நின்று கடை ஏசியில் போடும் தன் குளிர்ச்சட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். கன்னம் கொஞ்சம் நிறைந்திருக்கிறது— பார்த்துவிட்டேன். பழக்கம். கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் போன். "மதியம் அந்தப் பக்கம் வரேன். சாப்பிடலாமா?"

சோறு, பருப்பு, கீரை, பொரித்த சின்ன மீன், தயிர். எல்லாவற்றையும் மூடி மேசையில் வைத்தேன். அவளுக்கு வைத்த பெயரைச் சொல்லி உள்ளே கூப்பிட்டேன். நாக்குக்குப் பழக்கமில்லாமல் ஒரு மாதிரியாக ஒலித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீயே போட்டுக்கோ. நான் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வரேன்" என்று பின்பக்கம் போய்விட்டேன்.

என்னிடம் இருப்பது இரண்டே தொட்டி. எவ்வளவு நேரம்தான் ஊற்றுவது? தொட்டி வழிந்து, தரை வழிந்து, செருப்பெல்லாம் ஈரம். உள்ளே கரண்டி ஒலி. கதவு சாத்தும் ஒலிக்குக் காத்திருந்தேன். சாத்தவில்லை. பிறகு குழாய் ஓடியது.

உள்ளே போனபோது அவள் தட்டு கழுவி அடுக்கில் கவிழ்த்திருந்தது. பாத்திரங்கள் எல்லாம் மூடியிருந்தன.

"செடிய மூழ்கடிச்சுட்டியா?" என்றாள். பிறகு, "நீ சாப்பிட்டாச்சா?"

"இனிமேதான்."

"உட்காரு."

அவள் பரிமாறினாள். நான் பாத்திரங்களுக்குள் பார்க்காமல் அவள் கையை மட்டும் பார்த்தேன். எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி இரண்டு வாய் மிச்சம் இருந்தது. தண்ணீர் குடித்து இறக்கினேன். தட்டை வழித்தேன்.

"அடுத்த ஞாயிறு வர முடியுமான்னு தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகும் பாத்திரங்களைத் திறந்து பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, அப்படியே எடுத்துப்போகச் சொல்லிவிட்டேன்.

நோட்டில் எழுதினேன். சோறு, பருப்பு, கீரை, மீன், தயிர். மேசையில். யாரோடு: மகள்.

அவள் எவ்வளவு சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது.